வலைக்கடையின் ஞாபகம்

டிம் பெர்னர்ஸ்-லீ ஜினீவாவை அடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் 1989 முதல் வலையை வகுத்து வந்தபோது, ஒரு விஞ்ஞானி எழுதிவைத்ததை மற்றொரு விஞ்ஞானி தம் இடத்திலிருந்தே படிப்பதற்கு உதவும் சாதனமாகவே அதை முதன்மையாகக் கருதினார். ஆகையால் பக்கம் ஒன்றைக் கேட்பது, கேட்டதைக் கொடுப்பது, கொடுத்த கணத்திலேயே அந்த உறவு முடிந்துவிடுவது என்ற அளவில் அதன் நடைமுறை அமைந்தது. ஒருவர் இப்போது கேட்கும் பக்கத்தையும் அடுத்த நிமிஷம் கேட்கப்போகும் பக்கத்தையும் சேர்த்துக் கட்டும் கயிறு எதுவும் அந்த ஏற்பாட்டில் இல்லை. படிக்க வருபவருக்கு இந்த மறதி பெரிய சுதந்திரம். அவர் எதைப் படித்தார், எதைப் பாதியில் விட்டார், எதற்குத் திரும்பி வந்தார் என்பவற்றை வரிசையாகக் கோத்து வைப்பது பிறருக்கு எளிதன்று. வாங்க வருபவருக்கோ அதுவே பெரும் இடையூறு. முதல் பக்கத்தில் ஒரு புத்தகத்தைத் தேர்ந்துகொண்டு இரண்டாம் பக்கத்துக்குப் போனால், கடை அவரை முன்பின் அறியாத புதிய மனிதராகவே பார்க்கும்.

வலைவழி வியாபாரம் தொடங்கிய காலத்தில் மக்களுக்கிருந்த அச்சம் வேறு. 1994 ஆகஸ்டு 11-ஆம் தேதி, நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்து நாஷுவா நகரிலிருந்து நடந்த நெட்மார்க்கெட் என்ற சிறு கடை, பாடகர் ஸ்டிங்கின் இசைத்தட்டு ஒன்றை 12 டாலர் 48 சென்டும் அனுப்பு கூலியும் பெற்று விற்றது. வாங்கியவரின் கடன் அட்டை எண் சங்கேதமாக மாற்றப்பட்டு அனுப்பப்பட்டது என்ற விசேஷத்துக்காக நியூயார்க் டைம்ஸ் மறுநாளே அதைச் செய்தியாக வெளியிட்டது. அட்டை எண் களவு போகாமல் காப்பதே அந்தரங்கத்தைக் காப்பது என்று அன்று பெரும்பாலோர் எண்ணினார்கள். பணம் கொடுப்பதற்கு முன் ஒருவர் எதையெதைப் பார்த்தார், எதன் முன் தயங்கி நின்றார் என்பதும் காக்க வேண்டிய செல்வமே என்று நினைத்தவர்கள் மிகச் சிலர். பிற்காலத்தில் அந்தச் செல்வம் பறிபோவதற்குக் கருவியாக அமைந்த குக்கியைப் படைத்தவரும் அந்தச் சிலரில் ஒருவராக இருந்தார் என்பது இந்தச் சரித்திரத்தில் என்னை மிகவும் வருத்தும் பகுதி.

அவர் பெயர் லூ மாண்டுல்லி. கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோதே லின்க்ஸ் என்ற உலாவியை ஆக்குவதில் பங்குகொண்டு, 1994-இல் கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில் அப்போதுதான் தோன்றியிருந்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் சேர்ந்த இளைஞர். எம்.சி.ஐ. என்ற தொலைபேசிக் கம்பெனி வலையில் கடை வைக்க விரும்பியது. ஆனால் வாங்குவோர் பாதி நிரப்பி விட்டுப்போகும் கூடைகளையெல்லாம் தன் சர்வர்களில் சுமந்துகொண்டிருக்க அதற்கு மனமில்லை. ஒவ்வோர் உலாவிக்கும் நிரந்தரமான அடையாள எண் ஒன்றைக் கொடுத்துவிடுவது எளிய வழியாக இருந்திருக்கும். எல்லாத் தளங்களும் அந்த ஓர் எண்ணைக் கொண்டு ஒரு மனிதரைப் பின்தொடர முடியும் என்பதாலேயே மாண்டுல்லி அதை மறுத்தார். கோயில் வாசலில் செருப்பை ஒப்படைத்தவருக்குக் கிடைக்கும் டோக்கன் அதைக் கொடுத்தவரிடம் மட்டுமே செல்லுமேயன்றி, எதிர்ச்சாரியிலுள்ள தேங்காய்க் கடையில் அதற்கு மதிப்பில்லாததுபோல, ஒரு தளம் எழுதிக் கொடுக்கும் குக்கி என்ற சிறு குறிப்பு வாங்குபவரின் கணினியிலேயே தங்கியிருந்து, கொடுத்த தளத்துக்கு மட்டுமே திரும்பிப் போக வேண்டும் என்று அவர் விதித்தார். ஜான் ஜியானாண்ட்ரியாவுடன் சேர்ந்து அவர் எழுதிய இந்த ஏற்பாடு 1994 அக்டோபரில் வெளியான நெட்ஸ்கேப் உலாவியிலேயே இடம்பெற்றது.

இவ்வளவு யோசனையுடன் வகுத்த விதியிலும் ஓர் இடைவெளி இருந்தது. வலைப்பக்கம் முழுவதும் ஒரே இடத்திலிருந்து வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை; எழுத்து ஒரு சர்வரிலிருந்தும் அதனிடையே உள்ள படம் மற்றொரு சர்வரிலிருந்தும் வரலாம். படம் கொடுக்கும் சர்வரையும் உலாவி ஒரு தளமாகவே மதிப்பதால், அதுவும் தன் குறிப்பை வாங்குபவரின் கணினியில் வைக்கலாம். எண்ணற்ற தளங்களுக்கு விளம்பரப் படம் கொடுக்கும் கம்பெனி ஒன்று இருக்குமானால், காலையில் செய்தித்தாளிலும், நண்பகலில் மருந்துக் கடையிலும், இரவில் புத்தகக் கடையிலும் அதே குறிப்பு அதே கம்பெனிக்குத் திரும்பிப் போகும். எந்தப் பக்கத்துக்காகப் படம் கேட்கப்படுகிறது என்பதையும் அந்நாளைய உலாவியே உடன் தெரிவித்துவிடும். கொடுத்தவருக்கே குறிப்பு திரும்புகிறது என்பதால் விதி எழுத்தளவில் மீறப்படவில்லை. ஆனால் வாங்கியவர் அந்தக் கம்பெனியின் பெயரைக்கூடக் கேட்டதில்லை. பின்னர் விளம்பரத்துக்கும் அவசியமின்றி, கண்ணுக்குப் புலப்படாத புள்ளியளவுப் படம் ஒன்றைப் பக்கத்தின் மூலையில் வைத்து இதே காரியத்தைச் சாதிக்கும் வழக்கமும் பரவிற்று.

1996 பிப்ரவரி 12-ஆம் தேதி லண்டன் பைனான்ஷியல் டைம்ஸ் இதைப்பற்றி எழுதிய பிறகே, தம் கணினிகளில் இத்தகைய குறிப்புகள் குடியிருப்பதைப் பொதுமக்கள் பலர் அறிந்தார்கள். அப்போதே இணையத் தரங்களை வகுக்கும் பொறியியல் பணிக்குழுவில் இது விவாதத்தில் இருந்தது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டேவிட் கிறிஸ்டலும் மாண்டுல்லியும் எழுதி, 1997 பிப்ரவரியில் வெளிவந்த 2109-ஆம் எண் ஆவணம், பயனர் தாம் அறிந்து நாடாத தளங்களின் குக்கிகளை உலாவி ஏற்கலாகாது என்றும், ஏற்கும் வசதி ஒன்றை வைத்தாலும் பயனர் தாமே இயக்கும்வரை அது அணைந்தே இருக்க வேண்டும் என்றும் தெளிவாகக் கூறிற்று. விளம்பரக் கம்பெனிகள் எதிர்த்தன. நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டும் அந்த விதியைத் தம் உலாவிகளில் கைக்கொள்ளவில்லை. விளம்பர வருமானமே அன்று வலையைத் தாங்கியது என்றும், குக்கியை அடைத்தால் விளம்பரக் கம்பெனிகள் கண்ணுக்குத் தெரியாத வேறு யுக்திகளை நாடுவார்கள், குக்கியையாவது பயனர் பார்க்கவும் அழிக்கவும் இயலும் என்றும் மாண்டுல்லி பின்னாளில் காரணம் சொன்னார். அவருடைய நேர்மையை நான் ஐயுறவில்லை. எனினும், அழிக்க இயலும் என்ற வாதம் குக்கி இருப்பதை அறிந்தவருக்கே பொருந்தும். அமைப்புப் பக்கத்தைத் திறந்தே பாராத கோடிக்கணக்கானவர்களின் அறியாமை அன்று சம்மதமாகக் கணக்கிடப்பட்டது.

அதன் விளைவு வெளிப்பட வெகுகாலம் ஆகவில்லை. விளம்பரத் தொழிலில் தலைமை பெற்றிருந்த நியூயார்க்கின் டபிள்கிளிக், கோடிக்கணக்கான அமெரிக்கக் குடும்பங்கள் தபால்வழிப் பட்டியல்களிலிருந்து எதை வாங்கின என்ற விவரத்தைப் பெயரோடும் விலாசத்தோடும் வைத்திருந்த அபாகஸ் டைரக்ட் கம்பெனியை 1999-இல் வாங்கியது. பெயரற்ற குக்கியையும் பெயருள்ள பேரேட்டையும் இணைக்கும் திட்டம் வெளியானபோது எழுந்த கண்டனமும், அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் விசாரணையும் சேர்ந்து, 2000 மார்ச்சில் அந்தக் கம்பெனியின் தலைவர் கெவின் ஓ'கானரை அது தவறு என்று ஒப்புக்கொண்டு திட்டத்தை ஒத்திவைக்கச் செய்தன. டபிள்கிளிக்கை 2008-இல் கூகுள் தனதாக்கிக்கொண்டது.

ஐரோப்பா 2002-இல் இயற்றி 2009-இல் திருத்திய சட்டம், குக்கியை வைக்குமுன் பயனரின் சம்மதம் பெற வேண்டும் என்றது. இன்று ஒவ்வொரு தளத்தின் வாசலிலும் எழும் சம்மதப் பலகைகள் அதன் பிள்ளைகள். முன்கூட்டியே குறியிடப்பட்ட கட்டம் சம்மதமாகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது.

1997-இன் ஆவணம் வேண்டியதை உலாவிகள் ஒவ்வொன்றாகவே செய்தன. ஃபயர்ஃபாக்ஸ் 2019-இல், அறியப்பட்ட பின்தொடர்வோரின் குக்கிகளை எல்லோருக்கும் தானாகவே தடுக்கத் தொடங்கியது; ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்புக் குக்கிகள் எனப்படும் பிற தளக் குக்கிகள் அனைத்தையும் அடைத்தது. குரோமும் அவ்வாறே செய்யும் என்று 2020 ஜனவரியில் அறிவித்த கூகுள், பலமுறை தள்ளிவைத்து, 2024 ஜூலையில் அந்த எண்ணத்தைக் கைவிட்டது. ஆகவே குரோமில் பொருள் வாங்குகிறவர், அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுக்கும் குறியைத் தம் கையாலேயே இடவேண்டும்; இட்டாலும் கூடையும் கட்டணமும் பெரும்பாலான கடைகளில் பழுதின்றி நடக்கின்றன. மின்னணு எல்லைப்புற அறக்கட்டளை 2010-இல் காட்டியதுபோல, திரையின் அளவு, எழுத்துருக்கள் முதலிய விவரங்களைச் சேர்த்தே குக்கியில்லாமலும் ஓர் உலாவியை அடையாளம் காணலாம். ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி ஆகியவற்றில் இதற்கும் ஓரளவு தடுப்பு உண்டு. பெயர் பதிந்து உள்ளே நுழைந்துவிட்டாலோ, கடை தன் சொந்தப் பேரேட்டில் எழுதிக்கொள்வதை எந்த உலாவியும் தடுக்காது. மருந்தோ, பிறர் அறியத் தேவையில்லாத ஒரு புத்தகமோ வாங்குவதானால், பதிவு கேட்காமல் விருந்தினராக வாங்கவிடும் கடையைத் தேர்ந்து, பொருள் வந்து சேர்வதற்கு வேண்டிய விலாசத்தை மட்டும் கொடுத்து, பிறந்த தேதி கேட்கும் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடலாம்.