மாவு மூட்டையும் குழந்தை கவுனும்

மூணு வயசுக் குழந்தைக்கு ஒரு கவுன் தைக்க எவ்வளவு துணி வேணும்? ஒரு மீட்டர் இருந்தால் தாராளம். 100 பவுண்டு, அதாவது சுமார் 45 கிலோ, மாவோ கோழித் தீவனமோ பிடிக்கிற பருத்தி மூட்டையைத் தையல் பிரித்து விரித்தால் கிட்டத்தட்ட ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் துணி கிடைக்கும். பெரிய பெண்ணுக்கு உடுப்பு தைக்கணும்னா ஒரே டிசைனில் மூன்று மூட்டையாவது சேர வேண்டும். குழந்தைக்கு ஒன்றே போதும். இந்தப் பொருத்தம் யாரும் திட்டமிட்டது இல்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்கக் கிராமங்களில் எத்தனையோ குழந்தைகள் போட்டுக்கொண்டு திரிந்தது இந்தத் துணியைத்தான்.

அதற்கு முன்னால் மாவு மரப் பீப்பாயில் வந்தது. எலியாஸ் ஹோவ் 1846ல் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் மாவு கொட்டாத அளவுக்கு உறுதியான தையல் போட முடிந்தது. பீப்பாய் போய் மூட்டை வந்தது. மூட்டையைச் சங்கிலித் தையலில் தைப்பார்கள். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழுசாகப் பிரிந்துவிடும். அந்த நூலையும் யாரும் வீசவில்லை. குரோஷா பின்னவும் கிழிசல் தைக்கவும் எடுத்து வைத்தார்கள்.

இருப்பதிலேயே எளிமையான கவுன் இப்படித்தான்: துணியை இரண்டாக மடித்து இரண்டு பக்கமும் நேர்த் தையல். மேலே கை நுழைய இரண்டு வளைவு வெட்டு. கழுத்து ஓரத்தை மடித்துத் தைத்து உள்ளே நாடா கோத்துச் சுருக்கினால் முடிந்தது. காஜா வேண்டாம், பொத்தான் வேண்டாம். கீழ் மடிப்பை மட்டும் தாராளமாக விட்டார்கள், பிள்ளை வளர வளர இறக்கிவிட. நம்ம ஊரில் பட்டுப்பாவாடைக்கு டக் பிடித்து வைக்கிறோமே, அதே கணக்குதான்.

தையல் சுலபம். தலைவலி எழுத்துதான். மூட்டை மேலே ஆலையின் பெயர், படம், எடை எல்லாம் மையில் பெரிதாக அச்சாகியிருக்கும். பன்றிக் கொழுப்பைத் தேய்த்தோ மண்ணெண்ணெயில் ஊறவைத்தோ, பிறகு காரச் சோப்புப் போட்டுக் கொதிக்க வைத்துக் கசக்குவார்கள். அப்படியும் சிலது போகாது. ‘தானே உப்பும் மாவு’ என்ற எழுத்து ஜட்டியின் பின்பக்கத்தில் தெரிந்த கதையை அங்கே இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்திருக்குமா என்பது வேறு விஷயம். துணி கிழியாமல் உறுதியாகத்தான் இருந்தது. எழுத்து தெரிந்தால் வீட்டு நிலைமை ஊருக்கே தெரிந்துவிடும், அதுதான் பிரச்சினை.

இதே எழுத்துக்கு அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் நேர்மாறான மரியாதை இருந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மனி பெல்ஜியத்தைப் பிடித்தபோது, பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில் ஒரு நிவாரணக் குழு அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் மாவு அனுப்பியது. காலி மூட்டைகளுக்குக்கூடக் கணக்கு வைத்தார்கள். காரணம், வெடிமருந்து செய்யப் பருத்தி தேவை; ஜெர்மானியர் கைக்கு அது போய்விடக் கூடாது. அதனால் மூட்டைகள் தையல் கூடங்களுக்கும் பள்ளிகளுக்கும் கன்னிமடங்களுக்கும் போய்க் குழந்தைச் சட்டைகளாயின. இங்கே எழுத்தை யாரும் மெனக்கெட்டு அழிக்கவில்லை. பல மூட்டைகளில் அச்செழுத்தின் மேலேயே வண்ண நூலால் பூவேலை செய்து, நன்றி என்று சேர்த்து, அனுப்பியவர்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். அயோவாவில் உள்ள ஹூவர் நூலகத்தில் இவற்றில் நூற்றுக்கணக்கானவை இருக்கின்றன. போர்க்காலத்தில் வந்த உதவியை எல்லாரும் பார்க்கப் போட்டுக்கொள்ளலாம். சொந்த ஊரில் சொந்த வறுமையை அப்படிப் போட்டுக்கொள்ள முடியாது.

கொழுப்பையும் மண்ணெண்ணெயையும் வைத்துப் பெண்கள் போராடிக்கொண்டிருந்ததை ஆலைக்காரர்கள் கவனித்தார்கள். மிசௌரியைச் சேர்ந்த ஏஸா பேல்ஸ் 1924ல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்: பிறகு உடுப்பாகத் தைக்கிற மாதிரி அச்சுத் துணியிலேயே மூட்டை செய்வது. செயின்ட் லூயிஸில் ஒரு மாவு ஆலை ‘கிங்காம் கேர்ள்’ என்ற பெயரில் கட்டம் போட்ட மூட்டையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அப்புறம் பூ, புள்ளி, கோடு, குழந்தைகளுக்கென்றே பொம்மைப் படம் என்று எல்லா ஆலைகளும் இறங்கின. பெயரைத் துணியில் அச்சடிப்பதை விட்டுவிட்டு, தண்ணீரில் ஊறி உரியும் காகித லேபிளை ஒட்டினார்கள். பயன்படுத்துகிறவர்கள் பொருளை எப்படி வளைக்கிறார்கள் என்று பார்த்து அடுத்த வடிவத்தை அதற்கேற்ப மாற்றுவது எங்கள் மென்பொருள் தொழிலில் புதுசு மாதிரிப் பேசப்படும் சங்கதி!

இதில் கருணையைவிட வியாபாரம்தான் அதிகம் என்பது என் எண்ணம். கோழித் தீவனம் வாங்கக் கணவன்தான் போவான், ஆனால் எந்த டிசைன் என்று முடிவு செய்வது மனைவி. போன மாசம் வாங்கிய நீலப்பூ மூட்டைக்கு ஜோடி வேணும் என்றால், கடைக்காரர் அடுக்கின் அடியிலிருந்து அதை உருவி எடுத்துத் தரணும். ஆனாலும் அழிக்க எழுத்தே இல்லாத துணி ஒரு அம்மாவுக்கு எத்தனை இரவு வேலையை மிச்சப்படுத்தியிருக்கும்!

இரண்டாம் உலகப் போரில் துணிக்குக் கட்டுப்பாடு வந்தபோது மூட்டைத் துணிக்கு மவுசு இன்னும் கூடியது. போர் முடிந்ததும் காகிதப் பை மலிவாக வந்து, 1960கள் தொடங்கும்போது பருத்தி மூட்டை கிட்டத்தட்ட ஓய்ந்துவிட்டது. துணிமூட்டைத் தயாரிப்பாளர்கள் கடைசிவரை தையல் போட்டியெல்லாம் நடத்திப் பார்த்தார்கள். 1959ல் கான்சஸில் ஒரு பெண் போட்டிக்காகத் தைத்த உடுப்பு வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது பெரியவர் உடுப்பு, அதிகம் உடுத்தாததும்கூட. குழந்தை கவுன்கள் அப்படித் தங்குவது அபூர்வம். அக்கா போட்டு, தங்கை போட்டு, நைந்த பிறகு நல்ல பாகத்தை வெட்டி ஒட்டுப்போர்வையில் சேர்த்தார்கள். மிச்சம் பாத்திரம் துடைக்கப் போனது.