வரப்பில் போட்ட தாழி

எங்க ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளைக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போக வாத்தியார் துணைக்கு ஆள் தேடினார். அறுப்பு முடிஞ்சு சும்மாதான் இருந்தேன், கிளம்பிட்டேன்.

செட்டிநாட்டு வீடு மாதிரிக் கட்டி, 2023 மார்ச்சில் திறந்தது அது. மத்திய தொல்லியல் துறை 2015-ல் தோண்ட ஆரம்பித்தது. 2018-லிருந்து தமிழக அரசின் துறை தோண்டுகிறது. குழி போட்டதெல்லாம் தென்னந்தோப்பில். இடம் கொடுத்தது சம்சாரிகள். மண் சுமந்தது அக்கம்பக்கத்து ஜனங்க. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரியின் காலம் கி.மு. 6-ம் நூற்றாண்டு என்று ஆய்வு சொன்னது.

சுடுமண் தக்களியைப் பார்த்து ஒரு பொடியன், "பம்பரமா தாத்தா?" என்றான். நூல் நூற்கிற விதத்தைக் கையால் செய்து காட்டினேன். கூட்டம் சேர்ந்துடுச்சு. அப்புறம் கேட்டான்: "நம்ம காட்டுல எதுவும் கெடைக்கலையா?"

வாயடைச்சுப் போச்சு. முப்பது வருசத்துக்கு முன்னாடி கிணத்து மேட்டை உழும்போது கொழுவில் ஒரு தாழி மாட்டியது. உள்ளே கறுப்பு சிவப்புக் கிண்ணங்கள். "ஆகாதுடா" என்றார் அய்யா. உடைச்சு வரப்பில் போட்டேன்.

எந்த ஆழத்தில், எதோடு கிடந்தது என்பதுதான் ஓட்டுக்குச் சாட்சி. அதை நானே அழிச்சிருக்கேன்.

பொடியனிடம் உள்ளதைச் சொன்னேன். மறுநாள் வாத்தியாரோடு வந்து நின்னான். வரப்பில் நாலு ஓடு மிச்சம். தொடாமல் இடத்தை மட்டும் காட்டினேன். அந்த மேட்டில் இனி ஏர் இறங்காது.