மஞ்சள் முக்கோணம்

1923. ஜெர்மனியின் வைமர் நகரில் இருந்த பௌஹவுஸ் கலைப்பள்ளியில் ஒரு கேள்வித்தாள் கைமாறிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு தாள்தான். அதில் மூன்று வடிவங்கள்: முக்கோணம், சதுரம், வட்டம். தீட்டுவதற்கு மூன்று நிறங்கள்: மஞ்சள், சிவப்பு, நீலம். எந்த வடிவத்துக்கு எந்த நிறம் சேரும்? தீட்டுங்கள், முடிந்தால் காரணமும் எழுதுங்கள். அவ்வளவுதான்.

மேலே வாசிக்கும் முன் நீங்களும் மனதுக்குள் ஒருமுறை தீட்டிப் பாருங்கள். கடைசியில் தேவைப்படும்.

தாளை அனுப்பியது சுவர் ஓவியப் பட்டறை. அதற்குப் பொறுப்பாக இருந்தவர் வசிலி காண்டின்ஸ்கி. மாஸ்கோவில் பிறந்து, சட்டமும் பொருளாதாரமும் படித்து, முப்பது வயதில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓவியத்துக்கு வந்தவர். பௌஹவுஸில் 1922-இல் சேர்ந்தார். விடைகளில் பெரும்பான்மை ஒரே மாதிரி வந்தது: முக்கோணம் மஞ்சள், சதுரம் சிவப்பு, வட்டம் நீலம்.

இதை ஏதோ ஓவியர்களின் விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. முதல் உலகப்போர் முடிந்த கையோடு, 1919-இல் வால்டர் க்ரோபியஸ் தொடங்கிய பள்ளி அது. ஓவியர், தச்சர், நெசவாளர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ். இவர்களுக்குப் பொதுவாக எதைச் சொல்லிக்கொடுப்பது? கலை என்பது பிறவித் திறமை மட்டும்தான் என்றால், வகுப்பறைக்கே வேலை இல்லை. அதற்கும் அடிப்படைக் கூறுகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் நிலையான குணம் உண்டு என்றால், இசைக்கு ஸ்வரங்களைக் கற்றுக்கொடுப்பதுபோல யாருக்கும் கற்றுக்கொடுக்கலாம். காண்டின்ஸ்கி தேடியது அந்த ஸ்வரங்களைத்தான்.

தேடலின் முழு வடிவம் 1926-இல் புத்தகமாக வந்தது. புள்ளி, கோடு, தளம் மூன்றையும் வரிசையாக எடுத்து வரையறுக்கிற புத்தகம். வடிவியலின் புள்ளி கண்ணுக்குத் தெரியாதது, அளவில்லாதது. தூரிகை தாளைத் தொட்ட கணத்தில் அதற்கு உடம்பு வந்துவிடுகிறது. அளவு, விளிம்பு எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. அந்தப் புள்ளியை ஒரு விசை தள்ளினால், அது நகர்ந்த தடம் கோடு. கோடு மடங்கினால் கோணம். கூர்ங்கோணம் மஞ்சள், செங்கோணம் சிவப்பு, விரிகோணம் நீலம். கூர்ங்கோணத்திலிருந்து முக்கோணம், செங்கோணத்திலிருந்து சதுரம், விரிகோணம் மேலும் மேலும் விரிந்தால் வட்டம். (தமிழில் செங்கோணத்தின் ‘செம்’ செம்மையைக் குறிப்பது, சிவப்பையும் அதே ‘செம்’தான் குறிக்கும். மனுஷனுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் குதித்திருப்பார்.)

படிக்கும்போது அசந்துபோவோம். அவ்வளவு கச்சிதம். ஆனால் அந்தக் கேள்வித்தாளில் ஒரு சிக்கல் இருந்தது.

கேட்பதற்கு முன்பே விடை அந்தக் கட்டடத்துக்குள் இருந்தது. 1911 டிசம்பரில் வெளியான ‘கலையில் ஆன்மிகம்’ நூலிலேயே, கூர்மையான நிறங்கள் கூர்மையான வடிவங்களில் கூடுதலாக ஒலிக்கும், மஞ்சளுக்கு முக்கோணம், ஆழ்ந்த நீலத்துக்கு வட்டம் என்று காண்டின்ஸ்கி எழுதிவிட்டார். 1922-இல் பீட்டர் கேலர் என்ற மாணவர் ஒரு தொட்டில் வடிவமைத்தார். பக்கங்களில் முக்கோணம், செவ்வகம், ஆட்டுவதற்கு வட்ட வளையங்கள். நிறங்கள் மஞ்சள், சிவப்பு, நீலம். தொட்டில் வரைக்கும் வந்துவிட்ட விடையைத்தான் அடுத்த ஆண்டு கேள்வியாகக் கேட்டார்கள்.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். நிரல் என்ன விடை தருகிறதோ அதையே ‘சரியான விடை’ என்று எழுதிவைத்து டெஸ்ட் ஓட்டுவோம். எல்லாம் பச்சை காட்டும். நானும் செய்திருக்கிறேன். அந்தப் பச்சையைப் பார்த்து வருகிற நிம்மதி உண்மையானது. ஆனால் அதனால் எதுவும் நிரூபணம் ஆகாது.

பள்ளிக்குள்ளேயே முரண்பட்டவர் உண்டு. அங்கே ஆசிரியராக இருந்த ஆஸ்கர் ஷ்லெம்மருக்கு வட்டம் சிவப்பாகவும் சதுரம் நீலமாகவும்தான் பட்டது. 2002-இல் ஜெர்மன் உளவியலாளர் தாமஸ் யாகப்சன், கலைஞர் அல்லாதவர்களிடம் அதே கேள்வியைக் கேட்டார். அதிகம் பேர் தீட்டியது சிவப்பு முக்கோணம், நீலச் சதுரம், மஞ்சள் வட்டம். மஞ்சள் வட்டம் சூரியன். சிவப்பு முக்கோணம் சாலையோர எச்சரிக்கைப் பலகை. கோணத்தின் உள் இயல்பை யாரும் ஆராயவில்லை. தினமும் பார்ப்பதைத் தீட்டினார்கள்.

அப்படியென்றால் அடிப்படைக் கூறுகளை வரையறுப்பதே வீண்வேலையா? இல்லை என்பதற்குச் சாட்சி காண்டின்ஸ்கியின் பக்கத்து வீட்டுக்காரர். பள்ளி டெசாவ் நகருக்கு மாறிய பிறகு, 1926 முதல் ஒரே இரட்டை வீட்டின் மறுபாதியில் குடியிருந்த பால் க்ளே.

க்ளே 1925-இல் வெளியிட்ட பாடநூல் கோட்டை மூன்றாகப் பிரிக்கிறது. இஷ்டப்படி திரிகிற கோடு, செயல்படும் கோடு. அது வளைந்து வந்து தன் தொடக்கத்தையே தொட்டு ஒரு வட்டத்தை மூடிவிட்டால், நம் கண் கோட்டை விட்டுத் தளத்தைப் பார்க்கத் தொடங்கும். அது இடைநிலைக் கோடு. கோடே போடாமல் இரண்டு வண்ணப் பரப்புகளை ஒட்டித் தீட்டுங்கள், நடுவில் ஒரு விளிம்பு தெரியும். அது செயலற்ற கோடு. யாரும் வரையவில்லை, ஆனாலும் இருக்கிறது.

காண்டின்ஸ்கி ‘கோட்டின் குணம் என்ன?’ என்று கேட்டார். க்ளே ‘இந்தக் கோடு இங்கே என்ன செய்கிறது?’ என்று கேட்டார். முதல் கேள்விக்குச் சரியான விடை ஒன்று இருந்தாக வேண்டும். மாணவர் அதைக் கண்டுபிடித்துத் தீட்ட வேண்டும். இரண்டாவதற்கு, முன்னால் இருக்கிற படத்தைப் பார்த்தாலே போதும்.

கோடு, வடிவம், உருவம், நிறம், ஒளியளவு, இழைநயம், வெளி என்று இன்று ஓவிய வகுப்புகளில் ஏழு கூறுகளை ஒப்பிக்கிறார்கள். மனப்பாடம் செய்தால் முதல் கேள்விதான் மிஞ்சும்.

புள்ளி, கோடு, தளம் பற்றிய நூல் வந்த அதே 1926-இல் காண்டின்ஸ்கி ‘சில வட்டங்கள்’ என்ற ஓவியத்தைத் தீட்டினார். இருண்ட பரப்பில் சிறிதும் பெரிதுமாக வட்டங்கள் மிதக்கும். பெரிய வட்டம் நீலம்தான், விதிப்படி. ஆனால் அதைச் சுற்றி மஞ்சள் வட்டம் இருக்கிறது, சிவப்பு இருக்கிறது, இளஞ்சிவப்பு, பச்சை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, படிந்த இடத்தில் வேறு நிறமாகிக் கிடக்கின்றன. வகுப்பில் நீலம் என்று சொன்ன கைதான் இதையும் தீட்டியது.

இப்போது சொல்லுங்கள், நீங்கள் வட்டத்துக்கு என்ன நிறம் கொடுத்தீர்கள்? எதுவாயினும் சரி. அந்த நிறத்தை முதலில் எங்கே பார்த்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.