மூச்சுச் சோதனையும் மக்கள் மனமும்

இரவு நேரம். ஒருவர் தம் காரை ஒழுங்காக ஓட்டிக்கொண்டு வீடு திரும்புகிறார். வழியில் காவலர் ஒருவர் விளக்கைக் காட்டி வண்டியை நிறுத்துகிறார். சிறு கருவி ஒன்றை நீட்டி, “இதில் ஊதுங்கள்” என்கிறார். வந்தவர் எக்குற்றமும் செய்யவில்லை. ஐயத்திற்கு இடமான செயலும் அவரிடம் காணப்படவில்லை. அவரை இவ்வாறு நிறுத்துவது முறையாகுமா? இக்கேள்விக்கு மூன்று நாட்டு மக்கள் விடை தேடிய வரலாற்றை மாணவ நண்பர்களுக்கு நான் கூற விரும்புகிறேன்.

முதலில் இங்கிலாந்துக்குச் செல்வோம். மது மயக்கத்தில் வண்டி ஓட்டுவது அங்கே நெடுங்காலமாகவே குற்றம். 1872ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, குடித்த நிலையில் குதிரையையோ, கால்நடையையோ, வண்டியையோ, நீராவி இயந்திரத்தையோ பொது வழியில் நடத்திச் செல்வோருக்குத் தண்டனை விதித்தது. பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகின. ஆனால் ஒருவர் மயக்கத்தில் இருந்தார் என்பதை மெய்ப்பிப்பது எளிதாக இல்லை. மருத்துவர் அவரைக் கோட்டின்மேல் நடக்கச் சொல்வார். பேசச் சொல்லிக் கேட்பார். வழக்கு நீதிமன்றத்தை அடைந்ததும் ஜூரிகள் இரக்கம் கொள்வார்கள். “நேற்றிரவு நாமும் இவ்வாறுதானே வீடு சென்றோம்!” என்னும் எண்ணம் அவர்கள் உள்ளத்தில் எழும். கூண்டில் நின்றவரிடம் அவர்கள் தம்மையே கண்டார்கள்.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் பார்பரா காசில் என்னும் பெண்மணி. 1965ஆம் ஆண்டு இறுதியில் அவர் போக்குவரத்து அமைச்சரானார். இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 80 மில்லி கிராமுக்கு மேல் மதுச்சத்து இருந்தால் அதுவே குற்றம் என்று வரையறுத்தார். 1966ஆம் ஆண்டில் முதலில் கொண்டுவந்த மசோதாவில், எந்த ஓட்டுநரையும் காரணமின்றி நிறுத்திச் சோதிக்கும் அதிகாரமும் இடம்பெற்றிருந்தது. எதிர்ப்பு பொங்கி எழுந்தது. குற்றமற்றவனையும் குற்றவாளியாக நோக்குவது ஆங்கில நாட்டின் மரபன்று என்றனர் பலர். மதுக்கடைக்காரர்கள் தங்கள் பிழைப்பே போய்விடும் என்றனர். அமைச்சருக்குக் கார் ஓட்டவே தெரியாது என்று சிலர் எள்ளினர். கொலை மிரட்டல் கடிதங்களும் வந்தன. முடிவில் அந்த ஒரு பிரிவு மட்டும் கைவிடப்பட்டது. ஐயத்திற்கு இடமிருந்தாலோ, போக்குவரத்து விதி மீறப்பட்டாலோ, விபத்து நேர்ந்தாலோ மட்டுமே சோதிக்கலாம் என்ற திருத்தத்தோடு, 1967 அக்டோபர் 9ஆம் நாள் சோதனை நடைமுறைக்கு வந்தது. கண்ணாடிக் குழாயில் உள்ள மஞ்சள் நிறப் படிகங்கள் மதுச்சத்துப் பட்டதும் பச்சையாக மாறும். அதுவே அந்நாளையச் சோதனை.

முதலாண்டில் சாலை மரணங்கள் 1,152 குறைந்தன என்று அரசாங்கம் கணக்குக் காட்டியது. ஆயினும் அப்பயன் நிலைக்கவில்லை. அகப்படுவது அருமை என்பதை மக்கள் அறிந்துகொண்டதும் அச்சம் தேய்ந்தது. 1970களின் நடுப்பகுதிக்குள் பழைய வழக்கம் திரும்பிவிட்டது.

இனி ஆஸ்திரேலியாவைக் காண்போம். விக்டோரியா மாநிலம் 1976ஆம் ஆண்டிலேயே காரணம் கூறாமல் நிறுத்திச் சோதிக்கும் முறையைத் தொடங்கியது. ஆனால் அதனைப் பேரளவில் நடத்திக் காட்டியது நியூ சௌத் வேல்ஸ் மாநிலமே. 1982 டிசம்பர் 17ஆம் நாள், கிறிஸ்துமஸ் விழாவுக்குச் சில நாட்களே இருக்கையில், மூன்றாண்டுச் சோதனைத் திட்டமாக அது தொடங்கிற்று. அங்கும் குடிமக்கள் உரிமை குறித்துக் குரல் எழுந்தது, மதுவிடுதிக்காரர்கள் குறைகூறினர். எனினும் காவலர்கள் மறைந்து நிற்கவில்லை. யாவரும் காணப் பெருஞ்சாலையில் நின்று, வந்தவர் செல்வரா ஏழையா என்று பாராது நிறுத்தினர். அம்மாநிலத்தில் 1982ஆம் ஆண்டு சாலையில் மாண்டவர் 1,253 பேர். 1983ஆம் ஆண்டில் 966 பேர். இக்குறைவு முழுவதும் சோதனை ஒன்றாலேயே விளைந்தது என்று சொல்லிவிட முடியாது. எனினும் அதன் பங்கு பெரிது என்பதை ஆராய்ந்தோர் ஒப்புகின்றனர்.

மக்கள் கருத்தில் நேர்ந்த மாறுதல் இன்னும் வியப்பானது. தொடக்கத்தில் ஏறக்குறைய மூவரில் இருவரே இம்முறையை ஆதரித்தனர். சில ஆண்டுகளில் ஏறத்தாழ எல்லோருமே ஆதரித்தனர். 1985ஆம் ஆண்டில் அது நிலையான சட்டமாயிற்று. இதற்கு ஒரு நுண்ணிய காரணமும் உண்டு. விருந்தில் நண்பர்கள் “இன்னும் ஒரு கிண்ணம்” என்று வற்புறுத்தும்போது மறுப்பது அந்நாட்டில் மரியாதைக் குறைவாக இருந்தது. “வழியில் காவலர் நிற்பார்” என்று சொல்ல இப்போது வாய்ப்பு வந்தது. எவரும் அதற்குச் சினம் கொள்ளவில்லை. அதிகாரமாகத் தோன்றிய ஒன்று, நண்பர்களின் கட்டாயத்திலிருந்து தப்புவோருக்கு அரணாயிற்று.

அமெரிக்காவில் இவ்வழக்கு அரசியலமைப்பின் வாயிலுக்கே சென்றது. மிச்சிகன் மாநிலத்தில் 1986ஆம் ஆண்டு நடந்த ஒரு சோதனையில் 126 வண்டிகள் நிறுத்தப்பட்டன. ஒவ்வொன்றும் சராசரியாக 25 வினாடி தாமதித்தது. குடித்து ஓட்டியதாகக் கைதானவர் இருவர். இருவருக்காக 126 வண்டிகளை நிறுத்துவதா என்றனர் எதிர்ப்பவர். அந்த இருவர் எத்தனை உயிரைக் குடித்திருப்பரோ என்றனர் ஆதரிப்பவர். 1990ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக, சோதனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆயினும் 1993ஆம் ஆண்டில் மிச்சிகனின் உயர்ந்த நீதிமன்றம், எங்கள் மாநில அரசியலமைப்பு இதை ஏற்காது என்று தடுத்துவிட்டது! ஒரே வினாவுக்கு இரு மன்றங்கள் இரு விடை அளித்தன.

இவ்வரலாற்றை முதலில் படித்தபோது என் மனம் மறுத்தவர் பக்கமே சாய்ந்தது. காரணமின்றி நிறுத்தும் கை, நாளை வேறெதற்கும் நீளலாம் அன்றோ? அந்த அச்சம் வீண் என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் வீட்டு வாயிலில் விளக்கேற்றி வைத்துக் காத்திருந்து, திரும்பி வராதவர்களுக்காக அழுத குடும்பங்களின் குரலையும் அத்தராசில் வைத்தாக வேண்டும். அவர்களுக்கும் உயிர் வாழும் உரிமை இருந்தது. எல்லோரையும் ஒரே விதமாக நிறுத்துதல், விரைவில் விடுத்தல், காவலரின் விருப்பு வெறுப்புக்கு இடந்தராமல் விதிக்கு அடங்கி நடத்தல் ஆகிய மூன்றும் அமைந்த இடத்தில் மக்கள் மனம் இணங்கியது. இவை குன்றும் இடத்தில், தட்டிக்கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.