வீட்டு அலங்காரமும் பழவேற்காடும்

"உங்கள் வீட்டை உங்கள் ரசனைப்படி அலங்கரிப்பது எப்படி?" என்று எழுதாத வாரப் பத்திரிகை கிடையாது. திரைச்சீலை, மெத்தை விரிப்பு, சுவர் வண்ணம் என்று பட்டியல் நீளும். பி.காம் படிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? :-) இந்த ரசனைக்குப் பின்னால் ஒரு பெரிய வியாபார வரலாறு இருக்கிறது. நம்ம கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பழவேற்காட்டுக்கும் அதில் பங்கு உண்டு.

1613-ல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் இதுதான் அவர்களுக்குத் தலைமையிடம். இங்கே துணி வாங்கி, அதைக் கிழக்கே தீவுகளில் கொடுத்து மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். மலாய்க்காரர்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் 'கைன் பெலிக்காட்' என்றுதான் பெயர். பழவேற்காடுதான் அப்படித் திரிந்தது.

பிறகு இந்தக் கரையின் கலம்காரித் துணிகள் ஐரோப்பாவுக்குப் போயின. கடுக்காயும் பாலும் கலந்து ஊறவைத்து, படிகாரம் தொட்டு வரைந்து, சாயவேரில் கொதிக்க வைத்தால் சிவப்பு அப்படியே பிடித்துக்கொள்ளும். துவைத்தாலும் போகாது. ஐரோப்பியர்களுக்கு அந்த வித்தை அப்போது தெரியாது.

1663 செப்டம்பரில் லண்டனில் சாமுவேல் பீப்ஸ் என்ற கடற்படை அதிகாரி மனைவியோடு கடை கடையாக ஏறி இறங்கி, அவர் படிக்கும் அறையின் சுவருக்கு ஓர் இந்தியச் சித்திரத் துணி வாங்கியதை டைரியில் எழுதி வைத்திருக்கிறார். வாங்குபவர் ரசனை இங்கேயும் வந்தது. வெள்ளைத் தளத்தில் பூவும் கிளையும் வேண்டும் என்று 1643-லேயே ஆங்கிலேயக் கம்பெனி எழுதி அனுப்பியது. நம் ஆட்களும் அப்படியே வரைந்து கொடுத்தார்கள்.

ஆனால் அங்கே கம்பளியும் பட்டும் நெய்தவர்கள் பிழைப்பு போனது. 1719-ல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் போன பெண்களின் பருத்தி ஆடைகளைக் கிழித்தார்கள். பிரான்ஸ் 1686-லேயே தடை போட்டிருந்தது. இங்கிலாந்து 1700-லும் 1721-லும் சட்டம் கொண்டுவந்தது. இரண்டாவது சட்டப்படி உடையில் மட்டுமல்ல, வீட்டுக் கட்டில், நாற்காலியில்கூட அச்சிட்ட பருத்தித் துணி கூடாது!

ஆசை அடங்கியதா? 1775-ல் பிரபல நடிகர் டேவிட் காரிக்கின் மனைவிக்கு வந்த மசூலிப்பட்டினத்துக் கட்டில் திரைகளைச் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. அவர் அரசாங்கத்துக்கு எழுதிக் கெஞ்ச வேண்டியிருந்தது. அந்தத் திரைகள் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கின்றன.

தடையின் நிழலில் ஆங்கிலேய அச்சுத் தொழில் வளர்ந்தது, பிறகு இயந்திரம் வந்தது. 19-ம் நூற்றாண்டில் மான்செஸ்டர் துணி இங்கே வந்து குவிய, நம் நெசவாளர்கள் தறியை விட்டார்கள். இறக்குமதித் தடை யாரை வாழ வைக்கிறது, யாரைக் கைவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் காமர்ஸ் புத்தகத்தில் இல்லை.

எனவே 'என் ரசனை' என்று நாம் சொல்வது முழுக்க நம்முடையது அல்ல. வரைந்தவன் கை, விற்றவன் கணக்கு, அரசாங்கத்தின் சட்டம் எல்லாம் சேர்ந்ததுதான் அது. அடுத்த முறை பூப்போட்ட திரைச்சீலை வாங்கினால், அந்தப் பூ எந்தக் கரையிலிருந்து கிளம்பியது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.