முகப்பருவும் மருந்துகளின் போராட்டமும்



பருவ வயதுப் பிள்ளையின் முகத்தில் பரு எழும்பினால், "முகத்தைச் சரியாகக் கழுவுவதில்லை" என்று கடிந்துகொள்கிறோம். ஆனால், பரு அழுக்கினால் வருவதன்று. அவ்வயதில் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாகச் சுரக்கின்றன, மயிர்க்கால்கள் அடைபடுகின்றன. காற்றுக் குறைந்த அவ்விடத்தில் ஒருவகைக் கிருமி பெருகிப் பருவைச் சிவந்து வீங்கச் செய்கிறது. அக்கிருமியை அடக்க மருத்துவம் கையாண்ட வழிகளை இன்று காண்போம்.

1896-ஆம் ஆண்டில் ஜெர்மானியத் தோல் மருத்துவர் உன்னா, பருவின் முளைக்குள் இக்கிருமியைக் கண்டார். மறு ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் சபுரோ அதனை வளர்த்துக் காட்டினார். அந்நாளில் கைகொடுத்தது கந்தகம். அது தோலை உரித்து, கிருமியை ஓரளவே அடக்கியது.

1950-களில் டெட்ராசைக்ளின் மாத்திரை வந்தது. 1970-களில் எரித்ரோமைசினும் கிளிண்டமைசினும் பூசு மருந்துகளாயின. கிருமி தனக்கு வேண்டிய புரதத்தை ஆக்கவிடாமல் இவை தடுக்கின்றன. பருக்கள் நன்றாகவே தணிந்தன. ஆனால், 1979-இல் அமெரிக்காவில் எரித்ரோமைசினுக்கும் கிளிண்டமைசினுக்கும் அடங்காத பருக்கிருமிகள் கண்டறியப்பட்டன.

இது எப்படி நேர்ந்தது? ஒரே களைமருந்தை ஆண்டுக்கணக்கில் அடித்தால், அதற்கு மடியாத புல் மிஞ்சிப் பரவுவதைத் தோட்டத்தில் நாம் பார்க்கிறோம் அல்லவா? கிருமியும் அப்படித்தான். தப்பிய சில, பலவாகப் பெருகுகின்றன.

1960-களில் பரவிய பென்சாயில் பெராக்சைடு களிம்பின் கதை வேறு. அது பிராணவாயுவை வெளிவிட்டுக் கிருமியைப் பல இடங்களில் ஒருசேரத் தாக்குகிறது. அதனால், அதற்கு அடங்காத பருக்கிருமி இன்றுவரை அறியப்படவில்லை. இக்காரணத்தால், கிருமிக்கொல்லி மருந்துகளோடு இதனையும் சேர்த்தே மருத்துவர்கள் தருகின்றனர். காரம் கூடினால் பலன் கூடும் என்றும் எண்ண வேண்டாம். 2.5 விழுக்காட்டுக் களிம்பு 10 விழுக்காட்டுக் களிம்புக்கு ஈடாகப் பருக்களைக் குறைப்பதையும், எரிச்சல் குறைவாக இருப்பதையும் 1986-இல் ஓர் ஆய்வு காட்டியது. இக்களிம்பு துணியை வெளுக்கச் செய்யும்; தலையணை உறையில் கவனம் தேவை.

பெற்றோர்களே! அண்ணனுக்குக் கொடுத்த மாத்திரையில் மிச்சமானதைத் தம்பிக்குக் கொடுக்காதீர்கள். கருவுற்ற பெண்களுக்கு டெட்ராசைக்ளின் ஆகாது. எந்த மருந்தும் பலன் தரச் சில வாரங்கள் பிடிக்கும், பொறுமை வேண்டும். பருவைக் கிள்ளினால் தழும்பு நிலைத்துவிடும். பிள்ளையைப் பழிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.