அஞ்சற்பெட்டி யார் வளாகத்தில்? எளிய மென்பொருளும் இந்தியக் கல்விக்கூடங்களும்

இந்தியக் கல்விக்கூடங்களில் மின்னஞ்சல் வளர்ந்த வரலாற்றில் ஒரு முரண் உண்டு. தொலைபேசிக் கம்பியில் நொடிக்குச் சில ஆயிரம் பிட்டுகள் மட்டுமே சென்ற காலத்தில், ஆய்வாளர்களின் கடிதங்கள் அவர்கள் பணியாற்றிய நிறுவனத்தின் சொந்தக் கணினியில் தங்கின. ஜிகாபிட் வேகத்தில் இணைப்பு கிடைத்த பிறகு அக்கடிதங்கள் வளாகத்தை விட்டு வெளியேறின. இணைப்பு பெருகப் பெருக உடைமை சுருங்கியது ஏன்? எடை குறைந்த மென்பொருள், சொந்த வழங்கி என்று இன்று மாணவர்களிடையே எழும் பேச்சின் பொருள் இக்கேள்விக்கான விடையில்தான் இருக்கிறது.

இந்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையுடன் 1986இல் எர்னெட் திட்டத்தைத் தொடங்கியது. மும்பையின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பெங்களூரின் இந்திய அறிவியல் நிறுவனம், தில்லி, மும்பை, கான்பூர், கரக்பூர், சென்னை ஆகிய ஐந்து ஐ.ஐ.டி.கள், தில்லியிலிருந்த துறை அலுவலகம் என எட்டு இடங்கள் அதில் பங்கேற்றன. தொடக்கக்காலக் கடிதப் போக்குவரத்துக்கு உதவியது, பெல் ஆய்வகத்தில் 1970களில் எழுதப்பட்ட யூயூசிபி என்னும் சிறிய மென்பொருள். கடிதங்களைத் தன்னிடம் சேர்த்து வைத்துக்கொள்ளும். நேரம் வந்ததும் அடுத்த கணினியைத் தொலைபேசியில் அழைத்து ஒப்படைக்கும். பிறகு இணைப்பைத் துண்டித்துவிடும். ஊர் ஊராகக் கைமாறிச் செல்லும் தபால் பையின் முறை அது. இணைப்பு அறுந்திருப்பதையே இயல்பு நிலையாகக் கொண்டு வடிவமைக்கப்பட்டதால், அன்றைய இந்தியத் தொலைபேசிக்கு அது பொருந்திற்று.

இணையம் வழியான மின்னஞ்சலின் அமைப்பும் ஏறத்தாழ இதே இயல்புடையதுதான். 1982இல் வெளியான எஸ்எம்டிபி நெறிமுறைக்கு மையம் என்று ஒன்றில்லை. எந்த நிறுவனமும் தனக்கென ஒரு வழங்கியை நிறுவி, பிற வழங்கிகளுடன் சமநிலையில் கடிதம் பரிமாறலாம். பெர்க்லியில் எரிக் ஆல்மன் எழுதிய செண்ட்மெயில் அவ்வழங்கியை இயக்கியது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான பைன் கடிதங்களைப் படிக்க உதவியது. ஒரே யூனிக்ஸ் கணினியைப் பல முனையங்கள் பகிர்ந்துகொண்ட சூழலில் இவை எளிமையாக இருந்தே தீர வேண்டியிருந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியபோதும், குறைந்த கட்டணத்தில் கிடைத்தது எழுத்து மட்டுமே தெரியும் ஷெல் கணக்குதான்.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிவிட வேண்டியதில்லை. கடிதங்கள் குறியாக்கம் செய்யப்படாமலே பயணித்தன. கணினி மையப் பொறுப்பாளர் விரும்பினால் எவருடைய கடிதத்தையும் படிக்க முடிந்தது. இக்குறையைப் போக்க 1991இல் பிஜிபி என்னும் குறியாக்க மென்பொருளை வெளியிட்ட ஃபில் ஸிம்மர்மன்மீது அமெரிக்க அரசு நடத்திய விசாரணை 1996இல்தான் கைவிடப்பட்டது. எனினும் ஒரு வேறுபாடு முக்கியமானது. பெட்டியின் சாவியை வைத்திருந்தவர் அதே வளாகத்தில் இருந்தார். விதி வகுக்கவும் முறையிடவும் விளக்கம் கேட்கவும் ஓர் இடம் இருந்தது.

இந்த ஏற்பாடு மாறியதற்குப் பல காரணங்கள் உண்டு. பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4 அன்று ஹாட்மெயிலைத் தொடங்கினர். சொந்தக் கணினியோ நிறுவனக் கணக்கோ இல்லாத இந்திய மாணவருக்கு, எந்த இணைய மையத்திலும் திறக்கக்கூடிய அஞ்சற்பெட்டி உண்மையான விடுதலையாகவே இருந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று அறிமுகமான ஜிமெயில், பிற சேவைகள் சில மெகாபைட் இடம் மட்டும் அளித்த நேரத்தில் 1 ஜிகாபைட் அளித்தது. இதற்கிடையே பெருகிய குப்பை அஞ்சலை வடிகட்டும் வேலை, ஓரிரு ஊழியர்களைக் கொண்ட கணினி மையங்களின் ஆற்றலை மீறியது.

மென்பொருளின் எடையும் கூடியது. வன்பொருள் வேகமாகும் விகிதத்தைவிட மென்பொருள் மந்தமாகும் விகிதம் மிகுதி என்று நிக்லாஸ் விர்த் 1995இலேயே ஒரு கட்டுரையில் எச்சரித்திருந்தார். பருத்துப்போன மென்பொருளை நிருவகிக்கப் பெரிய கணினிகளும் முழுநேர வல்லுநர்களும் தேவைப்பட்டனர். அவர்களைப் பணியமர்த்த இயலாத நிறுவனங்கள் அஞ்சலையே வெளியாரிடம் ஒப்படைத்தன. 2010இல் மைய அரசு ஒப்புதல் அளித்த தேசிய அறிவு வலையமைப்பு ஜிகாபிட் இணைப்பைக் கொண்டுவந்தபோது, பல வளாகங்களில் அந்த வேகம் பிறருடைய தரவு மையங்களை எட்டுவதற்கே பயன்பட்டது.

இதனால் இழப்பு என்ன? மொழியியல் களஆய்வை எண்ணிப் பார்க்கலாம். சில நூறு பேரே பேசும் ஒரு மொழியின் ஒலிப்பதிவில் வினைத்திரிபுகள் மட்டும் இருப்பதில்லை. பேசுபவரின் குரல், ஊர், குடும்பப் பகை, நிலத் தகராறு, நோய் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. பதிவை ஆய்வாளர் தம் பொறுப்பில் வைத்திருப்பார் என நம்பியே அவர் ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வைக்கிறார். ஆய்வாளரின் கைப்பேசியோ அக்கோப்பைத் தானாகவே தொலைதூர வழங்கியில் ஏற்றிவிடக்கூடும். அத்தகைய வழங்கிகளை அரசுகள் எவ்வளவு எளிதாக எட்டின என்பதை 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் காட்டின. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆராய்ச்சிக்கு நிபந்தனைகளுடன் விலக்கு அளிக்கிறது. சட்டம் விலகி நிற்கும் இடத்தில் ஆய்வாளரின் பொறுப்பு கூடவே செய்கிறது.

மாற்று முயற்சிகளும் இதே காலத்தில் எழுந்தன. 2010 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஆற்றிய உரையில், ஒவ்வொருவரும் வீட்டிலேயே சிறு வழங்கி வைத்துக்கொள்ளலாம் என்று எபன் மோக்லன் முன்மொழிந்தார். டெபியனை அடித்தளமாகக் கொண்ட ஃபிரீடம்பாக்ஸ் அதிலிருந்து பிறந்தது. அதே ஆண்டில் ஓன்கிளவுடும், அதன் கிளையாக 2016இல் நெக்ஸ்ட்கிளவுடும் தோன்றின. 2012இல் வந்த முதல் ராஸ்பெரி பை கணினியின் நினைவகம் 256 மெகாபைட். விலை 35 டாலர். மென்பொருளின் எடைக்கும் அந்தரங்கத்துக்கும் உள்ள உறவு இங்கே வெளிப்படுகிறது. சிறிய கணினியில் ஓடும் மென்பொருளைத்தான் சாதாரண மனிதரோ ஒரு சிறு துறையோ சொந்தமாக வைத்திருக்க முடியும். கனத்த மென்பொருள் எவ்வளவு நல்ல நோக்கத்துடன் எழுதப்பட்டாலும், தரவைப் பெரிய கட்டடம் உடையவரிடமே கொண்டு சேர்க்கிறது.

ஆனால் தனிமனிதர் தம் மேசையில் ஒரு வழங்கியை வைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடாது. மின்வெட்டு உண்டு, வட்டு பழுதாகும், வீட்டு இணைப்புகள் பலவற்றுக்குப் பொது ஐபி முகவரி கிடைப்பதில்லை. அறிமுகமற்ற சிறு வழங்கியிலிருந்து வரும் அஞ்சலைப் பெரிய சேவைகள் ஐயத்துடனேயே நடத்துகின்றன. புதுப்பிக்கப்படாத, காப்புப்படி இல்லாத சொந்த வழங்கி, வணிகச் சேவையைவிட ஆபத்தானது. எனவே மின்னஞ்சலைத் தொடக்கமாகக் கொள்வது அறிவுடைமையன்று. குறிப்புகளை எளிய உரைக் கோப்புகளில் எழுதுதல், வட்டைக் குறியாக்கம் செய்தல், இரண்டு கணினிகளுக்கிடையே மைய வழங்கி இன்றிக் கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்க்திங் போன்ற கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துதல் ஆகியவை மாணவர் ஒருவரின் பழைய மடிக்கணினிக்கும் இயன்றவை.

அதற்கு மேற்பட்ட பணி நிறுவனத்துக்கு உரியது. எர்னெட்டின் தொடக்க வலிமை தனிப்பட்ட ஆர்வலரின் திறமையில் இல்லை. ஊதியம் பெறும் ஊழியரும், ஒரு கணினி அறையும், அதற்குப் பொறுப்பேற்ற நிறுவனமும் இருந்ததில் இருந்தது. களப்பதிவுகளைக் காக்கும் ஒரு துறைக்கு இன்று தேவைப்படுவது சிறு வழங்கி ஒன்று, வேறோர் இடத்தில் காப்புப்படி ஒன்று, இரண்டையும் கவனிக்கப் பணியிடம் ஒன்று. முதல் இரண்டும் மலிந்துவிட்டன. மூன்றாவதைத் துறைக்கூட்டத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுத்தான் பெற வேண்டும்.